சீருடை கழற்றிய பின்னும்

ஹாங்காங்கின் கேத்தே பசிஃபிக் நிறுவனம் தன் விமானப் பணியாளர்களை வேலையிலிருந்து நீக்கிய இரண்டு நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளில் உலகச் செய்தியாயின. 2021 டிசம்பரில் பிரச்சினையானது ஒரு மதியச் சாப்பாடு. 2023 மே மாதத்தில் ஒரு போர்வை. இரண்டிலும் விமானத்தின் பாதுகாப்புக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. குடித்துவிட்டுப் பணிக்கு வருதல், விற்பனைப் பணத்தில் கைவைத்தல் என்று பணியாளர் கையேடுகள் வழக்கமாகப் பட்டியலிடும் குற்றங்களும் நடக்கவில்லை. ஆனாலும் இரண்டு முறையும் நகரத்தின் ஆட்சித் தலைவரே வாய் திறக்கும் அளவுக்கு விவகாரம் போனது. ஒரு முறை சிறைத் தண்டனையில் முடிந்தது. விமானப் பணியாளரின் ஒழுங்கு மீறல் என்பது எது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஊர் வேறு இல்லை.

கேத்தே பசிஃபிக் 1946இல் தொடங்கப்பட்டது. ராய் ஃபாரல் என்ற அமெரிக்கரும் சிட்னி டி காண்ட்சோ என்ற ஆஸ்திரேலியரும், போர் முடிந்து மலிவாகக் கிடைத்த விமானத்தை வைத்துச் சரக்கு ஏற்றி ஆரம்பித்த தொழில் அது. இரண்டே ஆண்டில் பிரிட்டிஷ் வணிக நிறுவனமான ஸ்வைர் உள்ளே வந்தது, இன்றும் அதன் பிடி தளரவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கேத்தேயின் சீருடை ஹாங்காங் நடுத்தர வர்க்கத்தின் கனவுகளில் ஒன்று. நல்ல சம்பளம், வெளியூர்ப் படி, உலகம் சுற்றும் வாய்ப்பு. சென்னையிலிருந்து ஹாங்காங் போகிறவர்களுக்கும் அந்தப் பச்சை வால் விமானம் பழக்கமானதுதான்.

அந்தப் பணியாளர்கள் அடங்கிப்போகிறவர்களாக இருந்ததில்லை. 1993 ஜனவரியில் அவர்கள் இரண்டு வாரத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கத் தம் பதவிக்குரியதல்லாத வேலையைப் பார்க்கச் சொன்னபோது மறுத்த மூன்று பேரை நிர்வாகம் நீக்கியதுதான் அதன் பொறி. குளிர்காலத்தில் ஆளுநர் மாளிகைக்கு வெளியே சீருடையோடு உட்கார்ந்திருந்த பெண்களின் படங்கள் ஹாங்காங் தொழிலாளர் வரலாற்றில் இடம்பிடித்தன. மூன்று பேரை நீக்கியதற்காக ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டு இறங்கிய காலம் அது. சரியாக 30 ஆண்டு கழித்து, 2023இல், மறுபடியும் மூன்று பேர் நீக்கப்பட்டபோது ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. இடையில் நடந்தவை பல.

அவற்றைப் பார்க்கும் முன் ஹாங்காங்வாசிகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹாங்காங்கில் ஒரு நபருக்குக் கிடைக்கும் குடியிருப்புப் பரப்பின் இடைநிலை அளவு 16 சதுர மீட்டர். ஒரே வீட்டைத் தடுத்துத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் அது 6 சதுர மீட்டர். அந்த அறைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அடுப்படி என்று தனியாக ஒன்று இல்லாத வீடுகள் ஏராளம், சாப்பாட்டு மேசை போட இடமுள்ள வீடுகள் குறைவு. விருந்தினரை வீட்டுக்கு அழைக்கும் வழக்கமும் அதனால் அருகிவிட்டது. காலைச் சிற்றுண்டி, அலுவலக மதிய உணவு, தாத்தா பாட்டியோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பு, நிச்சயதார்த்தப் பேச்சு எல்லாமே கடையில்தான். வெளியே சாப்பிடுவது அங்கே உல்லாசமல்ல, வீட்டின் ஓர் அறை தெருவில் இருக்கிறது என்றே சொல்லலாம்.

அந்த அறைகள் பல வகை. காலையில் முதியோரால் நிரம்புவது தேநீர் மாளிகை. யம் சா என்றால் தேநீர் குடிப்பது. ஆனால் தேநீரைவிட மூங்கில் கூடைகளில் ஆவி பறக்க வரும் டிம் சம்தான் முக்கியம். இறால் பொதிந்த ஹா காவ், பன்றி இறைச்சியும் இறாலும் சேர்ந்த சியு மாய், இனிப்பும் உப்புமாகச் சுட்ட இறைச்சியை உள்ளே வைத்த சார் சியு பாவ். உட்கார்ந்தவுடன் முதல் கெண்டித் தேநீரை ஊற்றிக் கிண்ணங்களையும் குச்சிகளையும் அலசுவார்கள். அடுத்தவர் தேநீர் ஊற்றினால் வாயால் நன்றி சொல்வதில்லை, இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் போதும். ஒரே மேசையில் மூன்று தலைமுறை உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து எடுத்து, இரண்டு மணி நேரம் பேசும் இடம் இது. ஒரு தொற்று நோய்க்கு இதைவிட வசதியான அரங்கம் கிடைக்காது.

அவசரக்காரர்களுக்கு சா சான் டெங். மேல்நாட்டு உணவை உள்ளூர்ச் சட்டைப்பைக்கு ஏற்ப மாற்றிய கடைகள் இவை. சூப்பில் மிதக்கும் மாக்கரோனியும் பன்றித்தொடைத் துண்டும் காலை உணவு. பெயரில் மட்டும் அன்னாசி இருக்கும் பன் ரொட்டிக்குள் தடித்த வெண்ணெய்த் துண்டு. துணி வடிகட்டியில் பலமுறை ஆற்றி இறக்கிய கடுந்தேநீரில் டின் பால் கலந்த பானம், அதோடு காபியும் சேர்த்தால் யுன் யோங். சென்ட்ரல் பகுதியின் கேஜ் தெருவில் 1952இல் தொடங்கிய லான் ஃபோங் யுன் இந்தப் பால் தேநீருக்குப் பேர்போனது. தெருவோரத்தில் பச்சைத் தகரம் அடித்த டாய் பாய் டோங் கடைகள் ஒரு காலத்தில் மூலைக்கு மூலை இருந்தன. புதிய உரிமங்களை அரசு நிறுத்தியதால் இப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். பல கடைகள் நகராட்சிச் சந்தைக் கட்டடங்களின் மேல்மாடிக்கு ஏறிவிட்டன. சிம் ஷா சூயில் தோசையும் கிடைக்கும், சுங்கிங் மாளிகையின் கீழ்த்தளத்தில் சமோசாவும் கிடைக்கும்.

இந்த அறைகளைப் பூட்ட அரசு ஒருமுறை முயன்று பார்த்தது. கோவிட் பரவிய 2020இல், ஜூலை 29 அன்று உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முழு நாள் தடை வந்தது. கட்டடத் தொழிலாளரும் துப்புரவாளரும் காவலாளிகளும் பொட்டலத்தைப் பிரித்து நடைபாதையில், கொட்டும் மழையில், சிலர் பொதுக் கழிவறையில்கூட வைத்துச் சாப்பிடும் படங்கள் வெளியாயின. இரண்டே நாளில் பகல் நேரத் தடையை அரசு விலக்கிக்கொண்டது. அதன் பிறகு எத்தனை அலை வந்தாலும் பகலில் கடைகளை முழுதாக மூடும் துணிவு அரசுக்கு வரவில்லை.

விமானப் பணியாளரின் நிலை வேறு. தொற்றை முற்றாக வெளியே நிறுத்துவது என்ற கொள்கையில் ஹாங்காங் இருந்தபோது, வெளியிலிருந்து வருவோர் விடுதியில் இரண்டு, மூன்று வாரம் அடைபட வேண்டியிருந்தது. எல்லாப் பணியாளரையும் அப்படி அடைத்தால் விமானமே பறக்காது. உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாளும் விமான நிலையம் அந்த ஊருடையது. அதனால் ஒரு சமரசம் செய்துகொள்ளப்பட்டது. அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து பயணிகளோடு திரும்புவோர் சில வாரம் தொடர்ந்து பறந்து, பிறகு இரண்டு வாரம் விடுதியில் கிடந்து, அதன் பின்பே வீடு போகும் மூடிய சுழற்சி ஒன்று. சரக்கு விமானத்தில் திரும்புவோருக்கு விடுதி இல்லை. வீட்டில் மூன்று நாள் இருந்து, பரிசோதனை செய்து, அவசியமில்லாமல் வெளியே போகாமல் இருந்தால் போதும். வெளிநாட்டில் தங்கும் இரவுகளில் அறையை விட்டு இறங்கவே கூடாது, சாப்பாடு கதவருகே வந்துவிடும். 2021இல் மட்டும் தன் பணியாளர்கள் விடுதித் தனிமையில் 62,000க்கும் மேற்பட்ட இரவுகளைக் கழித்தார்கள் என்று நிறுவனத்தின் தலைவர் பேட்ரிக் ஹீலி பின்னர் குறிப்பிட்டார்.

மீறல்களும் நடந்தன. 2021 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் தங்கித் திரும்பிய மூன்று விமானிகளுக்குத் தொற்று உறுதியானது. விதிகளைக் கடுமையாக மீறியதாகச் சொல்லி மூவரையும் நிறுவனம் நீக்கியது. அதே விடுதியில் தங்கியிருந்த சக பணியாளர் நூற்றுக்கும் மேற்பட்டோரை அரசு பென்னிஸ் பே தனிமை முகாமுக்கு அனுப்பியது. ஒருவர் செய்ததற்கு எல்லோரும் அடைபடும் அந்த ஏற்பாட்டில் பணியாளர்களுக்குள்ளேயே மனக்கசப்பு வளர்ந்ததில் வியப்பில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில்தான் பெரிய இடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து 24, 25ஆம் தேதிகளில் திரும்பிய இரண்டு விமானப் பணியாளர்கள், மருத்துவக் கண்காணிப்பில் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களில் வெளியே போய்வந்தார்கள். பிறகு இருவருக்கும் ஒமைக்ரான் தொற்று தெரியவந்தது. அவர்களில் ஒருவர் 27ஆம் தேதி கவுலூன் டாங்கின் ஃபெஸ்டிவல் வாக் வணிக வளாகத்தில் உள்ள மூன் பேலஸ் உணவகத்துக்குத் தந்தையோடு மதிய உணவுக்குப் போயிருந்தார். தந்தைக்கும், சற்றுத் தள்ளி வேறொரு மேசையில் இருந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கும் தொற்று பரவியது. ஏறக்குறைய மூன்று மாதமாக ஊருக்குள் பரவல் இல்லை என்றிருந்த நிலை அத்தோடு முடிந்தது.

பல மாதம் விடுதிக்கும் விமானத்துக்கும் இடையே அலைந்த ஒருவர், கிறிஸ்துமஸ் வாரத்தில் ஊர் திரும்பியதும் தந்தையோடு சாப்பிடப் போனார் என்பதில் விசித்திரம் ஏதுமில்லை. அந்த ஊரில் மகனும் தந்தையும் சந்திப்பதென்றால் அங்கேதான் சந்திப்பார்கள். எது அவசியமான வெளிவேலை, எது அவசியமற்றது என்ற எல்லையும் அவ்வளவு திட்டவட்டமானதல்ல. ஆனாலும் மூன்று நாள் என்ற விதி இருந்தது, அது அவர்களுக்குத் தெரியும். தொற்று ஏறியது அதைப் பற்றி ஒன்றும் அறியாத வேறொரு மேசைக்காரருக்கு. மீறல் மீறல்தான்.

விளைவுகள் வேகமாக வந்தன. நிறுவனம் இருவரையும் நீக்கியது. சரக்கு விமானப் பணியாளருக்கும் விடுதித் தனிமையை அரசு கட்டாயமாக்க, கேத்தே தன் நெடுந்தூரச் சரக்கு விமானங்களை ஒரு வாரம் நிறுத்தியது. வெளிநாட்டு மீனும் பழமும் விமான வயிற்றில்தான் வந்து இறங்குகின்றன என்பது உணவகங்களுக்கு அப்போது உறைத்தது. 2022 ஜனவரி 7 முதல் மாலை 6 மணிக்கு மேல் கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது, அது ஏப்ரல் பிற்பாதி வரை நீடித்தது. ஜனவரி 8 முதல் இந்தியா உள்பட எட்டு நாடுகளின் பயணி விமானங்கள் நிறுத்தப்பட்டன. ஆட்சித் தலைவர் கேரி லாம் நிறுவனத்தின் தலைமையை அழைத்துக் கண்டித்தார்.

அப்போது இன்னொரு கேள்வியும் எழுந்தது. பயணி விமானத்தில் வேலை செய்து போன பணியாளர்களைச் சரக்கு மட்டும் ஏற்றிய விமானத்தில் திருப்பி அழைத்ததால், விடுதித் தனிமையிலிருந்து விலக்குக் கிடைத்தது என்ற குற்றச்சாட்டு அது. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. பணியாளர் அட்டவணையைப் போடுவது பணியாளர் அல்ல. ஆனால் கூண்டில் ஏறியது பணியாளர் இருவர் மட்டுமே.

அதே ஜனவரி 3 அன்று வான் சாய் பகுதியின் ஸ்பானிய உணவகம் ஒன்றில் ஓர் அரசியல் பிரமுகரின் பிறந்தநாள் விருந்து நடந்தது. கூட்டங்களைத் தவிர்க்குமாறு அரசே கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்தவர்கள் 200 பேர் அளவில் இருந்தார்கள், அவர்களில் உயர் அதிகாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் உண்டு. வந்தவரில் ஒருவருக்குத் தொற்று இருந்ததால் விஷயம் வெளியே வந்தது. அதிகாரிகள் பலர் தனிமை முகாமுக்குப் போனார்கள், உள்துறைச் செயலர் காஸ்பர் சுய் மாத இறுதியில் பதவி விலகினார். யாரும் சிறைக்குப் போகவில்லை. அவர்கள் கண்காணிப்பு உத்தரவின் கீழ் இல்லை என்பதால் சட்டப்படி அது வேறு வகை. தெருவில் பேசியவர்கள் அந்த நுணுக்கத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் தொடங்கிய கோவிட் ஐந்தாம் அலையில் ஹாங்காங்கில் 9,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கான பழியின் பெரும்பகுதி மக்கள் மனத்தில் விமானப் பணியாளர் தலையில் விழுந்தது. மரபணு ஆய்வுகள் சொல்வது வேறு. அலையின் பெரும்பகுதியை உண்டாக்கிய பிஏ.2 வகை, தனிமை விடுதி ஒன்றுக்குள் அறைக்கு அறை பரவி, அங்கிருந்து க்வாய் சுங் குடியிருப்புகளுக்குப் போன சங்கிலியிலிருந்து வந்தது. மதிய உணவுச் சங்கிலி அதிலிருந்து தனியானது. அடைத்து வைப்பதற்காகவே எழுப்பிய ஏற்பாட்டின் ஓட்டை வழியாகத்தான் பெருவெள்ளம் நுழைந்தது.

நோய்த் தடுப்பு ஒழுங்குவிதியின் கீழ் உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறையும் 5,000 ஹாங்காங் டாலர் அபராதமும். 2022 நவம்பரில் நீதிமன்றம் இருவருக்கும் எட்டு வாரச் சிறை விதித்தது. அதற்குள் விதிகளே மாறிவிட்டிருந்தன. செப்டம்பர் 26 முதல் விடுதித் தனிமை இல்லை. பதிலுக்கு '0+3' என்ற ஏற்பாடு. வெளியிலிருந்து வருபவர் பேருந்தில் ஏறலாம், அலுவலகம் போகலாம், சந்தையில் காய் வாங்கலாம். மூன்று நாள் வரை உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் முடியாது. கைப்பேசியில் மஞ்சள் குறியீடு விழும், கடைக்காரர் அனுமதிக்க மாட்டார். நெரிசலான சுரங்க ரயிலில் விட்டுவிட்டுத் தேநீர்க்கடையில் தடுப்பது என்ன தர்க்கம் என்று பயணிகள் கேட்டார்கள். டிசம்பர் 14 அன்று அதுவும் போனது.

இரண்டாவது விவகாரம் விமானத்துக்குள்ளேயே நடந்தது. 2023 மே 21, செங்டுவிலிருந்து ஹாங்காங் வரும் சிஎக்ஸ் 987 விமானம். பணியாளர்கள் தமக்குள் பேசிக்கொண்டதை அருகில் இருந்த பயணி ஒருவர் பதிவு செய்து, சியாவ்ஹோங்ஷு என்ற சீனச் சமூக ஊடகத் தளத்தில் போட்டார். போர்வை கேட்ட பயணி ஆங்கிலத்தில் சொல் தெரியாமல் கார்ப்பெட் என்று கேட்டதைக் கேலி செய்து சிரிக்கும் பேச்சு அது. சரியாகக் கேட்கத் தெரியாவிட்டால் போர்வை கிடையாது, கார்ப்பெட் தரையில்தான் இருக்கிறது என்ற தொனி. மனிதப் பேச்சு புரியாதவர்கள் என்று காண்டனீஸில் ஒரு குத்தலும் சேர்ந்தது.

மாண்டரின் பேசும் பெருநிலத்துச் சீனருக்கும் காண்டனீஸ் பேசும் ஹாங்காங்காருக்கும் இடையே மொழி வெறும் கருவியாக இருந்து நாளாகிவிட்டது. ஹாங்காங்கில் ஜனநாயகம் கோரி நடந்த 2019 போராட்டங்களின்போதே கேத்தே இந்தச் சுழலில் சிக்கியது. போராட்டத்தை ஆதரித்த ஊழியர்கள் சீன வான்வெளிக்குள் பறக்கக் கூடாது என்று பெய்ஜிங்கின் விமானத் துறை உத்தரவிட்டது, தலைமை நிர்வாகி ரூபர்ட் ஹாக் பதவி விலகினார், முகநூல் பதிவுகளுக்காக ஊழியர்கள் வேலை இழந்தார்கள், துணை நிறுவனத்தின் பணியாளர் சங்கத் தலைவியும் அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்தத் துணை நிறுவனமான கேத்தே டிராகனையே மூடி, 5,900 பேரை வீட்டுக்கு அனுப்பி, மிஞ்சியவர்களுக்குக் குறைந்த ஊதிய ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை.

அந்த வரலாறு முதுகில் இருந்ததால் 2023இல் நிறுவனம் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அடுத்தடுத்து மன்னிப்புகள், 23ஆம் தேதி மூவரின் பணிநீக்கம், தலைமை நிர்வாகி ரோனல்ட் லாமின் நேரடி வருத்தம். பெய்ஜிங்கின் பீப்பிள்ஸ் டெய்லி நிறுவனத்தைச் சாடியது, ஆட்சித் தலைவர் ஜான் லீ கண்டித்தார். ஆள் குறைவு, சம்பளக் குறைவு, தளர்ந்த மனநிலை ஆகிய வேர்களைப் பார்க்க வேண்டும் என்று பணியாளர் சங்கம் சொன்னது. அது உண்மைதான். ஆனால் போர்வை கேட்டவரைப் பார்த்துச் சிரிப்பதற்குச் சம்பளக் குறைவு விளக்கமாகலாம், நியாயமாகாது. அதே ஆண்டு நிறுவனம் பெருநிலச் சீனாவிலிருந்து விமானப் பணியாளரை எடுக்கத் தொடங்கியது.

இவ்வளவு விரைவான நீக்கம் சாத்தியமாவதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. ஹாங்காங் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேண்டுமென்றே உத்தரவை மீறுதல், தவறான நடத்தை, மோசடி, தொடர் அலட்சியம் ஆகியவற்றுக்கு முன்னறிவிப்பும் ஈட்டுத்தொகையும் இல்லாமல் உடனே நீக்க அனுமதிக்கிறது. தவறான நடத்தை என்றால் என்ன என்று அந்தப் பிரிவு பட்டியல் போடவில்லை. நீக்கப்பட்டவர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முதலாளியின் சம்மதம் இல்லாமலே மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிடும் அதிகாரம் 2018 அக்டோபரில்தான் தீர்ப்பாயத்துக்கு வந்தது. அதுவும் கர்ப்பம், சங்கப் பணி, நோய் விடுப்பு போன்று சட்டமே தடுத்த காரணங்களுக்காக நீக்கியிருந்தால் மட்டும். பதிவு செய்யப்பட்ட ஒரு கேலிக்கோ, கண்காணிப்பு நாளில் உண்ட ஒரு சாப்பாட்டுக்கோ அந்தக் கதவு திறக்காது.